புதுப்பிப்பு: ஏழு சீட்டு ஸ்டட் போக்கரில் எப்போது விலகுவது

இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் சில திறந்தும் சில கவிழ்த்தும் ஏழு சீட்டுகள் வரும்; அவற்றில் சிறந்த ஐந்துதான் கணக்கு, ஐந்தும் ஒரே இனமென்றால் வலுவான கை. முதல் மூன்று சீட்டும் ஒரே இனமாக வந்தால் கடைசிவரை நிற்கலாம் என்று சென்ற மாதம் இந்த இழையில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்துகிறேன்.

கல்லடியில் மாமா வீட்டு விறாந்தையில், வாவிக் காற்றுக்குச் சீட்டுகள் பறக்காதபடி சிப்பிகளைப் பாரம் வைத்து, புளியங்கொட்டைகளைப் பந்தயமாக்கி ஐந்து பேர் ஆடினோம். என் கையில் மூன்று இதயச் சீட்டுகள் இருந்தன. மச்சான் மற்றவர்களின் திறந்த சீட்டுகளைக் காட்டி, "அதில மூண்டு இதயம் கிடக்கு, எண்ணினீங்களா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது.

இரவு கணக்குப் போட்டேன். மற்ற நால்வரின் திறந்த சீட்டுகளில் ஓர் இதயமும் இல்லையென்றால், மீதி நான்கு சீட்டுகளில் குறைந்தது இரண்டு இதயங்கள் வந்து ஐந்து சேர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 21 வீதம். மூன்று வெளியே போய்விட்டால் அது 11 வீதமாகச் சுருங்கிவிடும். கைச்சீட்டு அதேதான், பெறுமதிதான் பாதியாகிவிட்டது.

சோடிக்கும் இதுவே பொருந்தும்: கையில் இரண்டு ராசா இருந்து, மற்ற இரண்டும் எதிரே திறந்து கிடந்தால் மூன்றாவது ராசா வரவே வராது.

எதிராளிகள் விலகும்போது அவர்களுடைய திறந்த சீட்டுகளும் கவிழ்க்கப்படுவதால், அவற்றை உடனே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பந்தயத் தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட வழக்கமான வரம்பு ஆட்டத்தில் ஐந்தாவது சீட்டிலிருந்து பந்தயம் இரட்டிப்பாகும் என்பதால், விலகுவதென்றால் அதற்கு முன்பே விலகிவிடுங்கள்.