பக்கவாதத்துக்கு அப்புறம் பேச்சு எவ்ளோ போயிருக்குன்னு எப்படி பாத்தாங்க? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன், குடியாத்தம். எங்க நைனாவுக்கு கை கால் ஒண்ணும் ஆகல, பேச்சும் கடகடன்னு வந்துது, ஆனா எதுவும் ஒட்டல, சோறு வேணும்னா தறின்றாரு, நடுவுல இல்லாத வார்த்தையா போடறாரு, தெருவே புத்தி பேதலிச்சிடுச்சுன்னு சொல்லி மாமா மந்திரிக்க வேற கூட்டினு போயிட்டாரு. ஸ்கேன்ல தான் மூளை இடது பக்கம் அடைப்புன்னு தெரிஞ்சுது.

நாம பேசறது புரியுது, பதில் தான் தப்பா வருதுன்னு நெனச்சினு இருந்தோம். வேலூர்ல ஸ்பீச் தெரபிஸ்ட் பொண்ணு மேஜையில பேனா, சீப்பு, தீப்பெட்டி வெச்சுட்டு, கையை மடியில வெச்சுக்குனு, கண்ணால கூட காட்டாம, "ஐயா, பேனாவால சீப்ப தொடுங்க"ன்னாங்க. நைனா சீப்ப எடுத்து தலை வாரினாரு. "உங்களுக்கு நாலு காலா?"ன்னதுக்கும் ஆமான்னு சிரிச்சாரு. அம்மா அப்ப தான் அழுதுச்சு. வீட்ல காபியான்னு கேக்கறப்பவே டம்ளரை நீட்டிடறோமே, அவரு டம்ளர பாத்து தான் தலையாட்டினு இருந்திருக்காரு.

மூளை பாதிச்சு பேசறது, புரிஞ்சிக்கறது கெட்டுப்போறதுக்கு அஃபேசியான்னு பேராம். வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரின்னு டெஸ்ட் பேரு. தானா பேசறது, கேட்டு புரிஞ்சிக்கறது, திருப்பி சொல்றது, பொருளுக்கு பேர் சொல்றது, நாலும் சேத்து 100க்கு மார்க். 93.8க்கு கீழன்னா பாதிப்பு, 50க்கு கீழ கடுமை, 25க்கு கீழ ரொம்ப கடுமை. நைனா 38. வீட்ல தெலுங்குன்னு அப்புறம் தான் சொன்னோம், மொதல்லயே சொல்லக்கூடாதான்னு திட்டிட்டு அம்மாவ விட்டு தெலுங்குல கேக்க வெச்சாங்க, கொஞ்சம் கூடவே புரிஞ்சுது.

—

ஆம்பூர். எங்க அத்தைக்கு நேர் எதிர், வலது கை விழுந்துச்சு, வாயில "அது, அது" தவிர ஒண்ணும் வரல, ஆனா சொன்னது எல்லாம் புரிஞ்சுது. ஒண்ணு ரெண்டு மூணு ஆரம்பிச்சு விட்டா பத்து வரைக்கும் தடங்கல் இல்லாம போவாங்க, ஆனா கையில எத்தனை விரல்னு கேட்டா முழிப்பாங்க. ஒரு எடத்துல எழுத சொல்லி பூஜ்யம் போட்டாங்க. யப்பா, அவங்க பள்ளிக்கூடமே போனதில்ல! ரெண்டாவது பாத்தவங்க அதை கணக்குலயே சேக்கல.

—

எங்க சித்தப்பாவுக்கு வார்த்தை சரியா தான் வரும், நாக்கு கொழகொழன்னு குடிச்சவர் மாதிரி. அது வேறயாம், டிஸ்ஆர்த்ரியா. பேசற தசை தான் முழுங்கறதுக்கும்னு, தண்ணி குடிச்சா பொறை ஏறுதான்னு தான் மொதல்ல பாத்தாங்க.

—

குடியாத்தம் தான் மறுபடி. இன்னிக்கு காலையில டம்ளர் காட்டாம வெறும் வாயால கேட்டேன், "நைனா, காபி காவாலா?" கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தாரு, அப்புறம் அடுப்பு பக்கம் திரும்பினாரு.