பிளாக் ஐட் சூசனை விதையிலிருந்து கொய்மலராக வளர்ப்பது: முளைப்பும் பகல் நீளமும்

செம்மண்:
வணக்கம் நண்பர்களே. பிளாக் ஐட் சூசனை வளர்த்து, பூங்கொத்து கட்டுபவர்களுக்குக் கொய்மலராகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கொடி வகை இல்லை. மஞ்சள் இதழும் நடுவில் கரும்பழுப்புக் குமிழும் உள்ள ரட்பெக்கியா. இந்தியன் சம்மர், கோல்ட்ஸ்டர்ம் என்று இரண்டு விதை கையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் குழித்தட்டில் போட்டேன். முதலாவது சீராக வந்துவிட்டது. இரண்டாவது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தலை காட்டுகிறது. விதை பழசா?

இன்னொன்று. என் நிலம் நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரி தூரத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் இலை மட்டும் வளரும், பூ வராது என்கிறார்கள். உண்மையா? அரை ஏக்கரில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்றங்கால்:
விதை பழசு என்று முடிவு கட்ட வேண்டாம். உங்களிடம் இருப்பது இரண்டு வேறு இனங்கள். இந்தியன் சம்மர், ரட்பெக்கியா ஹிர்ட்டா. 20 முதல் 22 டிகிரி செல்சியஸும் விடாத ஈரமும் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தட்டு நிறைந்துவிடும். கோல்ட்ஸ்டர்ம், ரட்பெக்கியா ஃபுல்ஜிடா. அதன் விதைக்கு உறக்கம் உண்டு. ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் 4, 5 டிகிரியில் நான்கு வாரம் வைத்து, அப்புறம் விதையுங்கள், முளைப்பு சீராகும். விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு இந்தச் சீர் முக்கியம். முன்னும் பின்னுமாக முளைத்த தட்டை ஒரே நாளில் நட முடியாது. இரண்டு விதையும் பொடி. மேலாக வைத்து, ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகளான வெர்மிகுலைட்டை மெல்லத் தூவினால் போதும்.

கொய்மலருக்கு என்றால் நான் ஹிர்ட்டாவைத்தான் சொல்வேன். விதைத்த ஆண்டிலேயே பூக்கும், காம்பும் நீளம். கோல்ட்ஸ்டர்ம் பல்லாண்டுச் செடி. தொட்டியில் வைத்து விற்க அது நல்லது.

இனி பூ விஷயம். விதை வாங்கும் முன்பே எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ரட்பெக்கியா வட அமெரிக்கப் புல்வெளிச் செடி, நெடும்பகல் தாவரம். அங்கே 40 டிகிரி அட்சரேகையில் கோடையின் நீண்ட பகல் 15 மணி நேரம் வரும். பத்து டிகிரியில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிடத்தை ஒட்டித்தான். ஹிர்ட்டா ஒழுங்காகத் தண்டு விட்டுப் பூக்கப் பகல் 14 மணி நேரமாவது வேண்டும். இல்லாவிட்டால் இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்து அப்படியே உட்கார்ந்திருக்கும். உரம் போட்டால் இலைதான் பெருகும். அந்தச் செடிக்கு நோய் எதுவும் இல்லை, நீண்ட பகலுக்காகக் காத்திருக்கிறது.

இதற்கு வழி இரவு விளக்கு. செடி கணக்குப் பார்ப்பது இருட்டின் நீளத்தை. இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை வெளிச்சம் கொடுத்து அந்த நீண்ட இருட்டை நடுவில் உடைத்தால், அதைச் செடி நெடும்பகலாகவே எடுத்துக்கொள்ளும். செடி மட்டத்தில் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். இது வளர்ச்சிக்கான வெளிச்சம் இல்லை, சைகைதான்.

ஆனால் நாற்றுப் பருவத்திலேயே விளக்கைப் போடாதீர்கள். செடி சிறியதாக இருக்கும்போதே மொட்டுக்குத் திரும்பிவிடும், குட்டைக் காம்பில் இரண்டு பூ கிடைக்கும், யாரும் வாங்க மாட்டார்கள். முதலில் இயற்கையான குறும்பகலில் இலைவட்டம் தடிக்கட்டும். பத்துப் பன்னிரண்டு நல்ல இலை வந்த பிறகு விளக்கு. காம்பின் நீளமும் எண்ணிக்கையும் இதில்தான் இருக்கிறது. உங்கள் இடத்தைக் குறையாக நினைக்க வேண்டாம். வடக்கே இருப்பவருக்குக் கோடை வந்தால் செடி தானாகப் பூத்துவிடும். உங்களுக்கோ அந்தப் பிடி கையிலேயே இருக்கிறது: எந்தப் பாத்தி எப்போது பூக்க வேண்டும் என்று நீங்களே வைக்கலாம். அதனால் அரை ஏக்கரையும் ஒரே நாளில் நடாமல் பாத்தி பாத்தியாக, இடைவெளி விட்டு நடுங்கள். விளக்குச் செலவும் பரவும்.

பூங்கொத்து:
மேலே சொன்னது சரி. நான் அறுவடை பற்றி மட்டும் சேர்க்கிறேன். இதழ் முழுவதும் விரிந்து, குமிழில் மகரந்தம் உதிரத் தொடங்கும் முன் வெட்டுங்கள். காம்பை நடுவில் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து தொங்கினால் இன்னும் நாள் வேண்டும், விறைப்பாக நின்றால் வெட்டலாம். காலை வேளையில் வெட்டி உடனே தண்ணீரில் வையுங்கள். இலை, காம்பு எல்லாம் சொரசொரவென்று முடி, அதில் மண் ஒட்டிக்கொண்டு வரும், தண்ணீர் சீக்கிரம் கெட்டுவிடும். கீழ் இலைகளை உருவிவிட்டுத் தண்ணீரை அடிக்கடி மாற்றினால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும்.

செம்மண்:
ரொம்ப நன்றி. கோல்ட்ஸ்டர்மை இன்றைக்கே குளிருக்கு மாற்றுகிறேன். இரண்டு சந்தேகம். எந்த விளக்கு? அப்புறம், அடுத்த தடவைக்கு என் தோட்டத்திலேயே விதை எடுக்கலாமா?

நாற்றங்கால்:
சிவப்பும் தூரச்சிவப்பும் (சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் ஒளி) கலந்த எல்இடி நல்லது. நெடும்பகல் செடிகள் பல அந்தக் கலவைக்கு நன்றாகத் திரும்பும். பழைய குண்டு பல்பும் வேலை செய்யும், மின்சாரம்தான் தின்னும். முக்கியமாக, பாத்தி ஓரங்களில் வெளிச்சம் குறையாமல் பாருங்கள். குறைந்த இடத்தில் செடி பின்தங்கும்.

விதை எடுக்கலாம், ஆனால் இது பூச்சிகளால் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும் செடி. பக்கத்தில் வேறு நிற ஹிர்ட்டா இருந்தால் அடுத்த தலைமுறை கலந்து வரும். ஒரே உயரம், ஒரே நிறம் கேட்கும் வாடிக்கையாளருக்கு அது ஆகாது. ஒரே ரகம் மட்டும் வளர்ப்பதாக இருந்தால், நல்ல செடிகளைக் குறித்து வைத்து, குமிழ் நன்றாகக் காய்ந்த பிறகு காகிதப் பைக்குள் உதிர்த்து எடுங்கள்.

இலைப்புள்ளி நோயையும் கவனியுங்கள். கீழ் இலையில் கரும்பழுப்புப் புள்ளியாகத் தொடங்கி மேலே ஏறும். மேலிருந்து தண்ணீர் தெளித்தால் வேகமாகப் பரவும். அதனால் சொட்டுநீர், செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி, புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி வெளியேற்றுவது. நோய் கண்ட பாத்தியில் விதைக்கு விடாதீர்கள்.