2024ல என் மனசுக்குப் புடிச்ச படங்க (வாழை ஏன் இல்லனு சண்டைக்கு வர்றவங்க வரலாம்)

தலவாக்கல பொடியன்:
2024ல வந்ததுல எனக்குப் புடிச்சத மட்டும் போடுறேன், பெஸ்ட் படம்னு சொல்லல, திரும்பத் திரும்பப் பாத்தது எதுவோ அதான் கணக்கு. மொதல்ல மெய்யழகன். அடுத்தது லப்பர் பந்து. அப்பறம் மஞ்சும்மல் பாய்ஸ், கடைசியா மகாராஜா. அமரன் சாய் பல்லவிக்காக ஒருக்கா பாத்தேன், அதோட சரி. கங்குவா, இந்தியன் 2 பத்தி கேக்காதீங்க, காசு போனது போனதுதான். கொட்டுக்காளி 20 நிமிசத்துல நிப்பாட்டிட்டேன். வாழை லிஸ்ட்ல இல்ல, படம் மோசம்னு இல்ல, ஒருக்கா பாத்தேன், இன்னொருக்கா என்னால ஏலாது.

அரைப்பேரு:
தம்பி நீங்க இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துலதானே பொறந்தீங்க? வாழைத்தார் சொமக்குற சனத்தோட கதைய வெளிய வச்சிட்டு தஞ்சாவூர்ல பூர்வீக வீட்ட எழந்தவரு கதைய தலைக்கு மேல தூக்கி வச்சிருக்கீங்க. மெய்யழகன் அருள்மொழிக்கு எழக்குறதுக்கு ஒரு வீடாவது இருந்திச்சு, கெணறு இருந்திச்சு, திண்ணை இருந்திச்சு. நம்ம லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) ஒழுங்கா ஒரு விலாசம் இருக்கா சொல்லுங்க, கடிதம் வந்தா தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்க கெடந்து ஊறி ஒருநாள் கைக்கு வரும். அந்தப் படத்துல வர்ற ஏக்கம் சொத்து உள்ளவனோட ஏக்கம், நமக்கு என்னாத்துக்கு அது?

தலவாக்கல பொடியன்:
அண்ணே, வீட்ட விடுங்க, அந்தப் படத்துல எனக்குப் பட்டது வீடு இல்ல. அருள்மொழி ஊருக்கு வர்றாரு, ஒருத்தன் அத்தான் அத்தான்னு வுழுந்து வுழுந்து கவனிக்கிறான், இவருக்கு அவன் பேரே தெரியல, கேக்கவும் வெக்கம், கடைசில அந்த வெக்கத்துலயே விடியக்குள்ள சொல்லாமக் கொள்ளாம கெளம்பிர்றாரு. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து போட்டு நம்ம சனத்துல 5,25,000 பேர இந்தியா எடுக்கணும்னு முடிவு பண்ணாங்களே, அதுல எங்க அப்பாயியோட தங்கச்சி குடும்பம் எழுவதுகள்ல போயிருச்சு, தலைமன்னாருக்குப் போற ரயில அழுகைக் கோச்சினு இன்னும் வயசானவங்க சொல்லுவாங்க இல்ல, அதுலதான். இப்ப கூடலூர்ல இருந்து வாட்சப்ல வீடியோ கால் வரும். ஒரு பொம்பள சிரிச்சிக்கிட்டு என்ன தம்பி சொகமானு கேக்கும், எனக்கு அது அத்தையா சின்னம்மாவானு கூட தெரியாது, பேரும் தெரியாது, நானும் சும்மா சொகம் சொகம்னு தலைய ஆட்டிட்டு போன அம்மாக்கிட்ட குடுத்துருவேன். இது சொத்து உள்ளவன் ஏக்கமா?

சொஃப்ட்போல் கேப்டன்:
ரெண்டு பேரும் அழுதது போதும். லப்பர் பந்து ரெண்டாவதா? சித்திரை வருசப் பொறப்புக்கு எந்தத் தோட்டத்துல போய் நின்னாலும் ஆறு ஓவர் மேட்ச், ஒவ்வொரு டிவிசன்லயும் படத்துல தெனேஷ் நடிச்ச கெத்து மாதிரி ஒருத்தரு இருப்பாரு, முப்பத்தஞ்சு நாப்பது வயசு, கொழுந்து நிறுக்குற எடத்துல இருந்து நேரா கிரவுண்டுக்கு வருவாரு, வீட்டுல சண்டை. தெனேஷ் வந்து அந்த வெஜயகாந்த் பாட்டுக்கு நடந்து வர்றப்ப எங்க ஆளுக எந்திரிச்சு நின்னு கத்துனானுக. எனக்கு அதான் மொத எடம். டீம்ல யார சேக்குறது யார வெளிய நிப்பாட்டுறதுங்கிறதுல சாதி எப்பிடி நொழையுதுனு லெக்சர் அடிக்காம காட்டுன படம் வேற எது?

பண்டாரவளை டீச்சர்:
கேப்டன், லெக்சர் அடிக்காமனு சொன்னா கொட்டுக்காளியத்தான் சொல்லணும். பின்னணி இசையே இல்லாத படம், பெர்லின் விழாவுக்குப் போன படம், வாழை வந்த அதே ஆகஸ்ட் 23ல வந்துச்சு. சூரிய அதுக்கு முன்னாடி அப்பிடி யாரும் பாத்திருக்க மாட்டாங்க. தொண்டை கட்டிப்போயி கத்துறாரு, ஷேர் ஆட்டோவுக்குள்ள அன்னா பென் ஒரு வார்த்த பேசாம ஒக்காந்திருக்கு, அந்தப் புள்ளைய "பேய் புடிச்சிருச்சு"னு சாமியார்கிட்ட கூட்டிப்போற கூட்டம் முழுக்க வீரம் பேசுது, வழிய மறிச்சு ஒரு மாடு நின்னா ஒரு ஆம்பள கிட்ட போகல, ஒரு சின்னப்புள்ள வந்து ஓட்டிட்டுப் போகுது. தம்பி, இருவது நிமிசத்துல நிப்பாட்டுன ஆளு லிஸ்ட் போடுறதே எனக்கு ஒத்துக்கல.

அரைப்பேரு:
டீச்சர் சொல்றது சரி ஆனா தம்பி வாழைக்குப் பதில் சொல்லல. ஒருக்கா பாத்தேன் திரும்ப ஏலாதுனா அதுதான் அந்தப் படத்தோட பலம். மனசு தாங்கலங்கிறதுக்காக லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டா அப்பறம் என்ன லிஸ்ட் அது, பொழுதுபோக்கு லிஸ்ட்னு பேரு வைங்க.

தலவாக்கல பொடியன்:
சரி, சுத்தி வளைக்காம சொல்லிர்றேன். மனசு தாங்கலங்கிறது பாதிதான். மிச்ச பாதி கோவம். ஒரு தாருக்கு ஒரு ரூபா கூட்டிக் கேக்குறாங்க, கலையரசன் முன்னாடி நின்னு பேசுறாரு, கெடைக்குது. கெடைச்ச பொறகு என்னாகுது? லொறி கவுந்து அத்தன பேரும் போயிர்றாங்க. நடந்த சம்பவம்தான், மாரி செல்வராஜ் சொந்த வாழ்க்கைல இருந்து எடுத்தாரு, அதுல நான் வாய் வைக்கல. ஆனா எங்க அம்மா படம் முடிஞ்சு என்ன சொல்லுச்சு தெரியுமா, "கூட்டிக் கேக்காம இருந்திருந்தா உசுராவது இருந்திருக்கும்"னு. எங்கள மாதிரி சனத்துக்கு அந்தப் படம் குடுத்துட்டுப் போனது அந்தப் பயத்த. எனக்கு அது புடிக்கல.

பண்டாரவளை டீச்சர்:
அம்மா சொன்னது அம்மாவோட பயம், படம் சொன்னது வேற. கூலி கூட்டிக் குடுத்த காசச் சரிக்கட்ட ஆளுகளுக்குத் தனி வண்டி விடாம தார் ஏத்துன லொறி மேலயே ஏத்தி அனுப்புறாங்க, அத மறைக்காம காட்டியிருக்காரு. சாவுக்குக் காரணம் கேட்டவன் இல்ல, மிச்சம் புடிச்சவன். இன்னொன்னு, கடைசில அந்தப் பையன் செத்த வீட்டுலயே பசி தாங்காம சோத்துல கை வைக்கிறானே, அந்தக் காட்சிய எழுதுறதுக்குப் பட்டினி கெடந்திருக்கணும். நான் ஸ்கூல்ல பாக்குறேன், காலைல சாப்புடாம வந்த புள்ள மொத பாடத்துலயே மேசைல தலைய வச்சிரும்.

அரைப்பேரு:
டீச்சர் சொன்னதுக்கு மேல நான் ஒன்னு சொல்றேன். 2021ல தோட்டத்து நாள் சம்பளம் ஆயிரம் ரூபா வந்தப்ப நெறைய தோட்டத்துல என்ன பண்ணாங்க? பறிக்க வேண்டிய கொழுந்துக் கிலோவக் கூட்டுனாங்க. கிலோ கொறஞ்சா அரைப்பேரு போட்டு பாதி சம்பளம். நான் இந்தப் பேர சும்மா வச்சிருக்கேன்னு நெனச்சீங்களா. 2024 மே தினத்துல கொட்டகலை மேடைல 1,700னு சொன்னாங்க, வழக்கு அது இதுனு இழுத்து செப்டம்பர்ல அடிப்படைச் சம்பளம்னு வந்தது 1,350. ஒரு கையால குடுத்து மறு கையால எடுக்குறத மாரி செல்வராஜ் லொறில காட்டுனாரு, நமக்கு தராசுல காட்டுறாங்க. இத வெளங்கின நீங்களே பயத்தக் குடுத்துருச்சுனு சொன்னா எப்பிடி தம்பி.

தலவாக்கல பொடியன்:
அண்ணே நீங்க சொல்ற விளக்கம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். லொறிக்காரன் கணக்கு படத்துல ரெண்டு நிமிசம், ஒப்பாரி கால் மணித்தியாலம். பாக்குற சனத்துக்கு எது மனசுல நிக்கும்?

சொஃப்ட்போல் கேப்டன்:
இது நல்ல பாயிண்ட் மச்சான்.

அரைப்பேரு:
கேப்டன் நீங்க அம்பயரா இருங்க, ஒப்பாரி நீளமா இருக்குறது செத்தது அத்தன பேருங்கிறதால.

பதுளை பார்வையாளன்:
எல்லாரும் திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் அடிபடுறீங்க, நம்ம மலையிலயே எடுத்த படம் ஒன்னு 2024 ஜூன்ல இந்தியாவுல தியேட்டருக்கு வந்துச்சு, பாரடைஸ், நம்ம நாட்டு டைரக்டர் பிரசன்ன விதானகே படம், மலையாளத்து ரோஷன் மேத்யூ, தர்சனா ராஜேந்திரன் நடிச்சது. 2022 பொருளாதார நெருக்கடி நேரம் ராமாயண எடமெல்லாம் பாக்க ஒரு இந்தியச் சோடி வருது, இவங்க சாமானக் களவெடுத்துர்றாங்க, பொலிசுக்கு ஆள் காட்டணும், பழி யாரு மேல விழுது? தோட்டத்துத் தமிழ்ப் பொடியன்க மேல. கொரியாவுல பூசான் பட விழாவுல பரிசும் வாங்குச்சு. இதப் பத்தி இங்க ஒரு ஆள் வாய் தொறக்கல.

பண்டாரவளை டீச்சர்:
பாத்தேன். நல்ல படம்தான். ஆனா அதுலயும் நம்ம ஆளு அடி வாங்குறதுக்கு மட்டும் வர்றான், கதை அந்தச் சோடியோடது. பனியும் தேயிலையும் பின்னால அழகா நிக்குது. தம்பி சொன்ன மெய்யழகன்ல கார்த்தி வாய் ஓயாம பேசுறாரே, அதுமாதிரி ஒரு தோட்டத்து ஆளு ரெண்டரை மணித்தியாலம் பேசி சிரிச்சு லூசுத்தனம் பண்ற படம் எனக்கு வேணும்.

தலவாக்கல பொடியன்:
டீச்சர், அதத்தான் நானும் சொல்றேன்! வெளியான பொறகு நீளம்னு 18 நிமிசம் வெட்டுனாங்களே, அந்த வெட்டுனத கூட நான் ஒக்காந்து பாப்பேன்.

அரைப்பேரு:
நீளத்துக்குப் பொறுமை இருக்கு, கொட்டுக்காளிக்கு மட்டும் இல்ல. ஏன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

தலவாக்கல பொடியன்:
அண்ணே எங்க லயத்துக் காம்பரா (அறை) சுவரு கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டுல ராத்திரி ஏழு மணில இருந்து சீரியல். மியூசிக்கே இல்லாத படத்துக்கு சீரியல்காரன் மியூசிக் போடுறான், சூரி மொறைக்கிற எடத்துல எல்லாம் மாமியார் வயலின் வருது. எப்பிடி பாக்குறது?

பண்டாரவளை டீச்சர்:
இயர்போன் போடுங்க தம்பி. பாத்துட்டு வந்து லிஸ்ட் போடுங்க.