வாழைத்தாரின் தண்டு யார் கணக்கில்?

சின்னமனூர்த் தோட்டக்காரன்:
குடும்பமாகப் பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் மண்டியை விட்டுவிட்டு சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு நேரடியாகக் கொடுத்தால், தாரில் சீப்புகள் ஒட்டியிருக்கும் நடுத்தண்டுக்கென்று எடையில் கழிக்கும் தண்டுக் கழிவு என்ற கொள்ளையே இருக்காது என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பாராட்டி வரிசையாகப் பதில் போட்டவர்களில் எத்தனை பேர் ஒரு தாரையாவது தோளில் சுமந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நானும் என் தம்பிகள் இருவரும் ஐந்து ஏக்கரில் ஜி9 ரக வாழை வைத்திருக்கிறோம். மண்டிக்கும் கொடுத்திருக்கிறோம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கும் கொடுக்கிறோம். மண்டியில் 30 கிலோ தாருக்குத் தண்டு என்று 3 கிலோ கழிக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டுக்காரர்களோ சீப்பு சீப்பாக வெட்டி எடுத்துக்கொண்டு, தண்டு முழுவதையும் என் வரப்பிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கே கழிவு இல்லையாம்! மூன்று கிலோவைக் கழிப்பவர் கொள்ளைக்காரர் என்றால், மொத்தத்தையும் விட்டுவிட்டுப் போகிறவருக்கு என்ன பெயர்?

முன்னாள் கொள்முதல் அலுவலர்:
ஐயா, வாங்காத பொருளுக்கு விலை கொடுக்கவில்லை என்பதைக் கழிவு என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு? நாங்கள் கேட்டது சீப்பு. எடை போட்டதும் சீப்பு. மட்டை உரித்த தேங்காயை விற்கிறவர் மட்டைக்குக் காசு வரவில்லை என்று அழுவதில்லை. தண்டோடு தாரை ஏற்றினால் வண்டியில் இடமும் வீண், ஒன்றோடொன்று உரசித் தோலில் வடுவும் விழும்; வடு விழுந்த பழத்தை வாடிக்கையாளர் தொடமாட்டார். குளிரறையில் வெப்பம் 13 பாகைக்குக் கீழே இறங்கினால் தோல் கறுத்துப் பெட்டி பெட்டியாக வீணாகும், அந்த நட்டம் எங்களுடையது. அதையெல்லாம் விட்டுவிட்டுத் தண்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

சின்னமனூர்த் தோட்டக்காரன்:
தேங்காயை எண்ணி விற்பார்கள், எடை போட்டு விற்பதில்லை என்பதுகூடத் தெரியாதவர் கொள்முதல் அலுவலராக இருந்திருக்கிறார். என் தண்டு என் பொட்டாஷைத் தின்று, என் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. பதினோரு மாதம் அதற்கும் சேர்த்துத்தான் உரம் வைத்தேன்.

பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர்:
எங்கள் ஊரில் உரித்த காயைக் கிலோக் கணக்கில்தான் பல வருடங்களாக விற்கிறோம். தேங்காயைப் பற்றித் தெரியாவிட்டால் அதை இழுக்காமல் இருக்கலாம்.

சின்னமனூர்த் தோட்டக்காரன்:
தேங்காயை இழுத்தது நான் அல்லன். மேலே ஏறிப் படித்துவிட்டு வாருங்கள்.

மண்டி வீட்டுப் பிள்ளை:
இரண்டு தலைமுறையாக மண்டி நடத்தும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். கொள்ளை என்ற சொல்லை ஆளுக்கு ஆள் எடுத்து வீசுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் தோட்டத்தில் 30 கிலோ இருந்த தார், வெயிலில் லாரியில் வந்து இறங்கி ஏலம் முடிவதற்குள் அதே 30 கிலோவாக இருப்பதில்லை. அந்த வாடலையும் சேர்த்துத்தான் 3 கிலோ. புயல் காற்றில் சாய்ந்த தாரையும், பிஞ்சாக வெட்டிய தாரையும், கடைச் சீப்பு சூம்பிய தாரையும் நாங்கள் வாங்குகிறோம். சூப்பர் மார்க்கெட் வண்டி அந்தத் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. போன சித்திரையில் காற்றடித்துத் தோட்டத்தில் பாதி படுத்தபோது தோட்டக்காரர் யாருக்குத் தொலைபேசினார் என்று அவரையே கேளுங்கள்.

சின்னமனூர்த் தோட்டக்காரன்:
மண்டிக்குத்தான் தொலைபேசினேன், கிலோ நான்கு ரூபாய்க்கு எடுத்தார்கள், அதிலும் தண்டுக்கு 3 கிலோ கழித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சாய்ந்த மரத்தின் தாரிலும் தண்டு அதே எடையா? சென்ற பங்குனியில் என் தோட்டத்திலேயே மின் தராசு வைத்து, ஒரு தாரைச் சீப்பு வெட்டிய பிறகு வெறுந்தண்டை நிறுத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ எழுநூறு. கழித்தது மூன்று. தாருக்கு 300 கிராம், ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 தார், ஆக 360 கிலோ. அன்றைய விலை 13 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 4,680 ரூபாய். வாடல் என்றால் வாடல் என்று சீட்டில் எழுதுங்கள். தண்டு என்று எழுதிவிட்டுக் கேள்வி கேட்டதும் வாடல் என்று பெயர் மாற்றாதீர்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு):
அன்பர்கள் அனைவரும் 'தார்' என்றே எழுதி வருகிறீர்கள். வாழைக் குலைக்கு அகராதி தரும் வடிவம் 'தாறு' என்பதாகும். தார் என்பது சாலைக்குப் போடுவது.

மண்டி வீட்டுப் பிள்ளை:
ஐயா, தாறு என்று சீட்டில் எழுதினால் எங்கள் கணக்கர் அது நூறு என்று படித்துவிடுவார். இங்கே 300 கிராமுக்கே இந்தப் பாடு.

ஊர் திரும்பியவன்:
முதலில் கழிவு என்று ஒவ்வொருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக்கிக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். ஒருவர் எடைக்குறைப்பைச் சொல்கிறார், ஒருவர் வாங்காமல் விட்டதைச் சொல்கிறார், ஒருவர் வாடலைச் சொல்கிறார். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டிலேயே ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. விலையையும் தரத்தையும் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துகொள்ள அதில் வழி இருக்கிறது. வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டுப் பிறகு இங்கே வந்து எடை போடுவதில் என்ன பயன்?

சின்னமனூர்த் தோட்டக்காரன்:
தம்பி, அந்தச் சட்டத்தில் தண்டு என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது? சொல்லுங்கள், நாளைக்கே பதிந்துவிடுகிறேன்.

முன்னாள் கொள்முதல் அலுவலர்:
இவருடைய விவாத முறை எனக்குப் புதிதன்று. சொட்டுநீர்ப் பாசன மானியம் பற்றிய பழைய விவாதத்திலும், சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75 என்று நான் தெளிவாக எழுதியதை, எல்லோருக்கும் 75 என்று நான் சொன்னதாகத் திரித்து மூன்று நாள் ஓட்டினார். இன்று வரை அதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை.

சின்னமனூர்த் தோட்டக்காரன்:
நீங்கள் முதலில் 75 என்றுதான் எழுதினீர்கள், பிறகுதான் திருத்தினீர்கள். அதை விடுங்கள். இன்னும் ஒன்று கேட்கிறேன். சீப்பை வெட்டி எடுத்த பிறகும், காய்களெல்லாம் சேரும் அதன் கொண்டையை உங்கள் ஆள் கத்தியால் சீவி எறிகிறாரே, அந்தச் சீவல் தராசுக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா? முன்னால்தான் விழுகிறது. தண்டும் போய், கொண்டையும் போய், தலைச் சீப்பில் காய் வளைந்திருக்கிறது என்று அதுவும் போய், 30 கிலோ தாரில் 23 கிலோவுக்குத்தான் சீட்டு வருகிறது. மீதிச் சீப்பை ஊர்ச் சந்தையில் ஆறு ரூபாய்க்குத் தள்ளுகிறேன்.

முன்னாள் கொள்முதல் அலுவலர்:
அந்த 23 கிலோவுக்கு 16 ரூபாய் வாங்குகிறீர்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். பெருக்கிப் பாருங்கள்: 368 ரூபாய். மண்டியில் 27 கிலோவுக்கு 13 வீதம் 351, அதிலும் கமிஷன் போகும். கணக்கு எங்கள் பக்கம்தான் நிற்கிறது.

மண்டி வீட்டுப் பிள்ளை:
அந்த 351 அன்று மாலையே கையில் வந்துவிடும். உங்கள் 368 வர எத்தனை நாள்?

மூத்த வீட்டு மருமகள்:
நான் இங்கே எழுதுவது அரிது. எங்கள் வீட்டிலும் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் கொடுக்கிறோம். வெட்டு நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நானும் என் ஓரகத்தியும் மாமியாரும் தொட்டி ஓரம் உட்கார்ந்து, வெட்டிய சீப்புகளைப் படிகாரத் தண்ணீரில் கழுவிப் பால் வடியவைத்து, துடைத்து, கிரேட்டில் அடுக்குகிறோம். மண்டிக்குக் கொடுத்த காலத்தில் இந்த வேலை இல்லை. அந்தத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிடுகிறது. வாழைக் கறை பட்ட சேலையை வேறு எதற்கும் உடுத்த முடியாது. நெல்லுக்கு ஆதார விலை பார்க்கும்போது குடும்ப உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போடுகிறார்கள். வாழைக்கு ஆதார விலையே கிடையாது. அந்த 368க்குள் எங்கள் மூன்று பேர் கூலி எங்கே இருக்கிறது? குடும்பத் தோட்டம் என்பதால்தான் சூப்பர் மார்க்கெட்டுக்கு இந்த விலை கட்டுப்படியாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் வைத்துக் கழுவினால் கட்டுமா என்று யாராவது கணக்குப் பார்த்திருக்கிறீர்களா?

சின்னமனூர்த் தோட்டக்காரன்:
சகோதரி சொல்வதும் உண்மைதான். அவர்கள் கழுவும்போது அந்தச் சீப்பில் தண்டின் துணுக்கு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று அவரே சொல்லட்டும். இருக்காது. எல்லாம் என் வரப்பில்தான் கிடக்கிறது.

பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர்:
வரப்பில் கிடக்கும் தண்டை மக்கவைத்து உரமாக்கிக்கொள்ளலாமே. அந்தப் பொட்டாஷ் உங்கள் மண்ணுக்கே திரும்பி வருகிறது. மண்டிக்கு அனுப்பினால் தண்டும் போகும், அதற்குக் காசும் வராது.

சின்னமனூர்த் தோட்டக்காரன்:
தேங்காய் முடிந்து இப்போது உரம். இதற்கெல்லாம் இன்னொரு நாள் பதில் எழுதுகிறேன். கேள்வி ஒன்றுதான்: சூப்பர் மார்க்கெட்டில் தண்டுக் கழிவு உண்டா, இல்லையா? உண்டு என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை, இல்லை என்று நிரூபிக்கவும் இல்லை.

முன்னாள் கொள்முதல் அலுவலர்:
வாங்காததைக் கழிக்க முடியாது. இதை எத்தனை முறை எழுதுவது?

மண்டி வீட்டுப் பிள்ளை:
கழிப்பதை நாங்களாவது சீட்டில் எழுதுகிறோம்.

சின்னமனூர்த் தோட்டக்காரன்:
நாளை விடிந்ததும் எனக்கு வெட்டு. தாரைத் தண்டோடு ஒருமுறை, சீப்புகளை ஒருமுறை, வெறுந்தண்டை ஒருமுறை எனத் தராசில் வைத்து மூன்று படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். அதற்குப் பிறகும் பேசுகிறவர்கள் பேசட்டும்.

மண்டி வீட்டுப் பிள்ளை:
படத்தில் தராசின் எண் முழுவதும் தெரியட்டும். சென்ற முறை போட்ட படத்தில் உங்கள் கட்டைவிரல் பாதி எண்ணை மறைத்திருந்தது.

தமிழாசிரியர் (ஓய்வு):
படத்தின் கீழே எழுதும்போதாவது 'தாறு' என்று எழுதுங்கள்.