மீன் வீசி எடுத்த படத்தைக் கழுகு வேட்டை என்று சொல்லலாமா?

தொலைநோக்கி:
நார்வேயின் பிளாட்டாங்கர் கடலோரத்தில் படகிலிருந்து மீனை வீசுகிறார்கள், வெண்வால் கடற்கழுகு இறங்கி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. ஸ்காட்லாந்தின் மல் தீவிலும் இதே ஏற்பாடு உண்டு. ஜப்பானின் ஹொக்கைடோவில் ராவுசு துறைமுகப் படகுகள் மிதக்கும் பனிக்கட்டி மேல் மீனைப் போட, ஸ்டெல்லர் கடற்கழுகுகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. "கழுகு வேட்டை" என்று நாம் பகிரும் படங்களில் பல இப்படி எடுத்தவைதான். செத்த மீனை எடுப்பது வேட்டை இல்லை. அந்தப் படங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அலைமகன்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தப் பறவை கூண்டுப் பறவையா? இல்லை. பழக்கி வளர்த்ததா? அதுவும் இல்லை. உயரத்திலிருந்து குறி பார்க்கிறது, இறக்கையை மடக்கிச் சரிகிறது, கடைசி நொடியில் காலை முன்னால் நீட்டி நகத்தால் கவ்வுகிறது. மீனுக்கு உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுகின் உடல் செய்யும் வேலை ஒன்றுதான். இரண்டு மீட்டருக்கு மேல் விரியும் இறக்கை தலைக்கு மேலே திரும்புவதைப் பார்த்தவர்கள் அதைக் கடைசி வரை மறக்க மாட்டார்கள்.

படகு இல்லையென்றால் படமெடுக்க வரும் இந்த மனிதக் கூட்டம் எங்கே போகும்? கூட்டைத் தேடிப் போகும். முட்டை அடைகாக்கும் நேரத்தில் கழுகைக் கிளப்பிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைநோக்கி:
கூட்டுப் பக்கம் போகக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்கச் சேர்ந்து நிற்கிறேன். ஆனால் "உடல் செய்யும் வேலை ஒன்றுதான்" என்பதை ஏற்க முடியாது. பாய்ச்சல் என்பது வேட்டையின் கடைசிச் சில நொடிகள் மட்டுமே.

ஆல்ப்ஸ் மலையில் பொன்னிறக் கழுகு மர்மோட்டை, அதாவது வளையில் வாழும் பெரிய மலை அணிலை, பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மர்மோட் வளைக்குப் பக்கத்திலேயே மேயும். கழுகின் நிழல் தெரிந்தாலே ஒன்று விசிலடிக்கும், எல்லாம் உள்ளே ஓடிவிடும். அதனால் கழுகு பல நேரம் உயரத்திலிருந்து பாய்வதே இல்லை. மலைமுகட்டின் மறுபக்கமாகவே தரையை ஒட்டிப் பறந்து வந்து, முகட்டைத் தாண்டிய கணத்தில் திடீரென்று மேலே விழும். எந்த முகடு, எந்தப் பக்கக் காற்று, வளை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான முயற்சிகள் வீணாகத்தான் போகின்றன. தோற்றுப் போய்ப் பாறையில் உட்கார்ந்து மறுபடி காத்திருக்கும் கழுகையும் பார்த்தால்தான் அந்தப் பறவை எப்படிப் பிழைக்கிறது என்று புரியும்.

அதே வெண்வால் கடற்கழுகு முக்குளிக்கும் வாத்துகளை வேட்டையாடும் விதம் இன்னும் பிரமாதம். வாத்து தண்ணீருக்குள் போகும். கழுகு மேலேயே சுற்றும். மூச்செடுக்கத் தலை தூக்கும்போதெல்லாம் பாயும், வாத்து மறுபடி உள்ளே போகும். திரும்பத் திரும்ப இப்படி விரட்டி, வாத்து களைத்துப் போனபின் தூக்கும். மீன் வீசும் படகில் இதைக் காட்ட முடியுமா?

பனிமலர்:
தொலைநோக்கி அண்ணா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் தீனி போடுவதே தப்பு என்ற தொனி வருகிறது, அதை மட்டும் மறுக்கிறேன். ஸ்வீடனில் டிடிடி போன்ற நச்சுகளால் கடற்கழுகுகளின் முட்டைகள் பொரியாமல் போயின. 1970-களில் நச்சு கலக்காத இறைச்சியைக் குளிர்காலத்தில் வைத்துத்தான் பல இளம் பறவைகளைக் காப்பாற்றினார்கள்.

தொலைநோக்கி:
அதை நான் குறை சொல்லவே இல்லை பனிமலர். அது பறவை பிழைப்பதற்காகப் போட்ட தீனி. இது படத்துக்காகப் போடுவது. காலையில் எந்தப் படகு எந்த வளைவுக்கு வரும் என்று கழுகு கற்றுக்கொள்கிறது. மனிதர் பக்கத்தில் வருவதற்குப் பயப்படாத பெரிய கழுகுக்கு எல்லா ஊரும் பாதுகாப்பானதில்லை.

அலைமகன்:
ராவுசுவில் படகுச் சுற்றுலா வருவதற்கு முன்பே மீன்பிடிப் படகுகளிலிருந்து சிந்தும் மீனை இந்தக் கழுகுகள் தின்றுகொண்டுதான் இருந்தன. கழுகு உணவுக்கு எது லாபமோ அங்கே போகும். கடல் ஓரத்தில் ஒதுங்கிய செத்த மீனைத் தின்பதும் அதற்கு இயல்புதான். உயிருள்ளதைத் துரத்துவது மட்டும்தான் "உண்மையான" கழுகு என்பது நாம் அதன் மேல் சுமத்தும் வீரக் கதை.

அப்புறம், முன்பு கடற்கழுகைச் சுட்டும் நஞ்சு வைத்தும் கொன்றார்கள். ஸ்காட்லாந்தில் அது முழுக்க அழிந்து, 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இன்று அதே பறவையால் ஒரு தீவுக்கே வருமானம். இதை லேசாக நினைக்காதீர்கள்.

முகடு:
வீரக் கதை பற்றி ஒன்று. 2012 டிசம்பரில் கனடாவின் மொன்றியால் நகரப் பூங்காவில் கழுகு ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு காணொளி வந்தது. மாணவர்கள் கணினியில் செய்தது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள், ஏராளமானோர் நம்பினார்கள். பொன்னிறக் கழுகின் எடையே பெரும்பாலும் 3 முதல் 6 கிலோதான். தன் எடைக்கு மேலிருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அது எப்படி மேலே ஏறும்? பெரிய இரையைக் கொன்றால் அங்கேயே கிழித்துத் தின்னும். உண்மை வேட்டையை யாரும் பார்க்காததால்தான் இப்படி நம்புகிறோம். எனவே நான் தொலைநோக்கி பக்கம்.

அலைமகன்:
அது வரைகலை. இது உயிருள்ள காட்டுப் பறவை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். படத்துக்குக் கீழே "மீன் வீசி எடுத்தது" என்று எழுதச் சொன்னால் சம்மதிக்கிறேன். படத்தையே ஒதுக்கச் சொன்னால் சம்மதமில்லை.

தொலைநோக்கி:
ஒதுக்கச் சொல்லவில்லை. குறிப்பு கட்டாயம், "வேட்டை" என்ற தலைப்பு வேண்டாம். இந்த இரண்டும் எனக்குப் போதும்.

பனிமலர்:
சரி, தீனி இல்லாமல் பார்க்க நினைப்பவர் எங்கே உட்கார வேண்டும்?

தொலைநோக்கி:
எதிர்ச் சரிவில், டெலஸ்கோப்போடு, கூட்டிலிருந்து நன்றாக விலகி. கழுகைத் தேடாமல் இரையைக் கவனியுங்கள். மர்மோட் விசிலடித்தால், காகங்கள் சேர்ந்து கத்தினால், உடனே அந்த முகட்டைப் பாருங்கள். வெயில் ஏறி வெப்பக்காற்று கிளம்பும் வரை கழுகு பாறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். கிளம்பிவிடாதீர்கள்.