கப்ளரில் (ஃபேன் வயரின் இணைப்பில்) கரண்ட் வருகிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஏசி போட்டால் முன்புற ஃபேன் சுற்றவில்லை

முட்டத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2014-ஆம் ஆண்டு பெட்ரோல் சிறிய கார். ரேடியேட்டருக்கும், ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் சேர்த்து முன்னால் ஒரே ஃபேன்தான் உள்ளது. சிகிச்சைக்காக அம்மாவை மாதம் இருமுறை திங்கள்நகர், தக்கலை வழியாகத் திருவனந்தபுரம் அழைத்துச் செல்கிறேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை உள்ளே நன்றாகக் குளிர்கிறது. மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ நெரிசலில் நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்திற்குள் வெறுங்காற்றுதான் வருகிறது. மீண்டும் ஓடத் தொடங்கினால் குளிர்ச்சி திரும்பிவிடுகிறது. போன முறை திரும்பி வரும்போது அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கிட்டத்தட்ட மயக்கம் வந்துவிட்டது. அடுத்த பயணத்திற்கு முன் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஓர் ஒர்க்‌ஷாப்பில் கேஸ் குறைவு என்று சொல்லி, இரண்டு மாதத்தில் இரண்டு முறை ஏற்றினார்கள், பலன் இல்லை. பிறகு நானே பானெட்டைத் திறந்து பார்த்தபோது, ஏசி போட்டிருந்தும் ஃபேன் சுற்றாமல் நின்றது. கம்ப்ரசர் 'டக்' என்று பிடிக்கிறது, சற்று நேரத்தில் விட்டுவிடுகிறது. 30 ஆம்பியர் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலேயை (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சை) மாற்றிப் போட்டும் பயனில்லை. ஃபேன் கப்ளரைக் கழற்றி அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் 13.8 வோல்ட் காட்டுகிறது. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தால் மோட்டார் வேகமாகவே சுற்றுகிறது. கரண்டும் வருகிறது, மோட்டாரும் ஓடுகிறது, ஆனால் கப்ளரை மாட்டினால் ஃபேன் அசையவில்லை என்றால் கோளாறு எங்கேதான் இருக்கும்?

தக்கலையிலிருந்து:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் இந்த ஃபேன் ஏசிக்கு மட்டுமானதல்ல. இன்ஜினைக் காப்பதும் அதுதான். நெரிசலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். தாண்டினால் ஏசியை நிறுத்தி, வண்டியை ஓரம் கட்டுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சூட்டில் இன்ஜினின் ஹெட் கேஸ்கெட் போய்விட்டால், ஃபேனுக்கு ஆகும் செலவைப்போலப் பல மடங்கு ஆகிவிடும்.

ஓட்டத்தில் குளிர்ந்து, நிற்கும்போது குளிராமல் போனால், கண்டன்சர் மீது காற்று படவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காற்று இல்லாதபோது கேஸின் சூடு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சுமார் 30 பார் அளவை எட்டியதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். நீங்கள் கேட்ட 'டக்' சத்தம் அப்படி வந்ததாக இருக்கலாம். கேஜ் (அழுத்தம் காட்டும் கருவி) வைத்துப் பார்க்காமலே கேஸ் குறைவு என்று சொல்லியிருந்தால் அது பொறுப்பற்ற செயல். கப்ளரின் உள்முனைகள் அகன்றோ கருகியோ இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முட்டத்திலிருந்து:

நன்றி ஐயா. களியக்காவிளையில் முள் நடுவைத் தாண்டியது உண்மைதான். ஏசியை நிறுத்திய பிறகு இறங்கியது. கப்ளர் முனைகள் சுத்தமாக, இறுக்கமாகவே இருக்கின்றன.

மார்த்தாண்டத்திலிருந்து:

எனக்கும் இதேபோல் வந்தது. டேஷ்போர்டில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து, பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் இழுத்துவிட்டேன். இரண்டு வருடமாகத் தொல்லை இல்லை.

குளச்சலிலிருந்து:

நான் 20 ஆண்டுகளுக்கு மேலாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். தம்பி, தயவுசெய்து அந்தத் தனி சுவிட்ச் வழிக்குப் போக வேண்டாம். நெரிசலில் அம்மாவைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது சுவிட்ச் போட மறந்தால் இன்ஜின் கொதித்துவிடும். ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் பத்துப் பதினைந்து ஆம்பியர் கரண்டை டேஷ்போர்டுக்குள் கொண்டுவருவது தீப்பிடிக்கவும் காரணமாகலாம்.

நீங்கள் பார்த்த இரண்டு சோதனைகளும் தவறல்ல. ஆனால் முதல் சோதனை சொல்வதை நாம் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறோம். கப்ளரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைக்கும்போது அந்தப் பாதையில் கரண்ட் ஓடுவதே இல்லை. வழியில் எங்கேனும் வயர் அரித்து ஒரேயொரு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜையும் காட்டிவிடும். அந்த ஒற்றை இழையால் ஒரு மோட்டாரை இழுக்க முடியாது. எனவே பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளிலும் வயர் சுற்றி, கழற்றிய கப்ளரின் இரு முனைகளில் கொடுத்துப் பாருங்கள். 60 வாட் பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். பிரகாசமாக எரிந்தால் பெரும்பாலும் பாதை நன்றாக இருக்கிறது என்று பொருள். மங்கினாலோ எரியாவிட்டாலோ பாதையில்தான் கோளாறு. எல்இடி டெஸ்ட் லேம்ப் இதற்கு உதவாது, ஏனென்றால் அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு.

அடுத்து, கப்ளரை மாட்டிவிட்டு, இன்ஜினும் ஏசியும் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கப்ளரின் பின்புறம் வழியாகக் கறுப்பு வயரிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கைகளையும் சட்டையையும் ஃபேனிலிருந்து தள்ளியே வையுங்கள். அது எந்த நொடியிலும் சுற்றத் தொடங்கலாம்.

இன்னொரு கேள்வி: இரவில் ஹெட்லைட் ஏதேனும் மங்கலாக எரிகிறதா?

முட்டத்திலிருந்து:

அண்ணன், நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது: இடப்பக்க ஹெட்லைட் ஒரு மாதமாக மங்கலாகத்தான் எரிகிறது, பல்பு பழையதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழைய பல்பைக் கொடுத்துப் பார்த்தேன். இழை செந்நிறமாகக் கனன்றதே தவிர வெளிச்சம் இல்லை. கறுப்பு வயரில் 11.2 வோல்ட் காட்டுகிறது.

குளச்சலிலிருந்து:

அப்படியானால் எர்த்துதான், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதைதான். 13.8-இல் 11.2 அங்கேயே தொலைந்துபோகிறது. மோட்டாருக்கு மிஞ்சுவது 2.6 வோல்ட் மட்டுமே. ஃபேனும் அந்த ஹெட்லைட்டும் ஒரே எர்த் போல்ட்டில் சேர்ந்திருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு, இடப்பக்க ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் முறுக்கியிருக்கும் 10 நம்பர் போல்ட்டைத் தேடுங்கள். திம்பிளை (வயர் முனையிலுள்ள உலோக வளையத்தை) மட்டும் மாற்றாமல், வயரின் உள்ளே செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். புது திம்பிளை அழுத்தி, ஈயம் பற்றவையுங்கள். பாடியில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். முறுக்கி முடித்த பின்பே மேலே கிரீஸ் பூசுங்கள். கடற்கரை ஊர்களில் ஆனி, ஆடி மாதங்களில் அலையின் தூவானம் காற்றோடு வந்து வண்டியின் முகப்பில் உப்பாகப் படிகிறது. நம் பக்கத்து வண்டிகளில் எர்த்தை முதலில் பார்ப்பது என் வழக்கம்.

முட்டத்திலிருந்து:

போல்ட் அங்கேதான் இருந்தது. கழற்றியபோது திம்பிள் கையோடு பொடிந்து வந்துவிட்டது. அதன் வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு. கறுப்பு வயரின் உறையைக் கீறினால் உள்ளே செம்பு நான்கு விரற்கடை நீளத்துக்குக் கறுத்து, மாவுபோல உதிர்ந்தது. அதை வெட்டிவிட்டு, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஏசி போட்டவுடன் ஃபேன் சுற்றுகிறது. கறுப்பு வயரில் இப்போது 0.1 வோல்ட்தான். இடப்பக்க ஹெட்லைட்டும் நன்றாக எரிகிறது. ஆனால் வீட்டு முற்றத்தில் இருபது நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்த்ததில், முன்பைவிட மிக நல்ல குளிர்ச்சி வந்தாலும், நடுவில் ஓரிரு முறை கம்ப்ரசர் விட்டுப் பிடித்தது.

தக்கலையிலிருந்து:

குறையாத கேஸின் மேல் இரண்டு முறை ஏற்றியிருக்கிறார்கள் அல்லவா? அளவு கூடினாலும் அழுத்தம் ஏறும். பானெட்டின் உட்புறத்திலோ ரேடியேட்டருக்கு மேலுள்ள பட்டையிலோ ஆர்-134ஏ என்னும் ஏசி கேஸ் எத்தனை கிராம் என்று ஸ்டிக்கர் இருக்கும். மெஷின் வைத்திருக்கும் ஏசி கடையில் உள்ளதை முழுவதும் இறக்கி, எடை பார்த்து, ஸ்டிக்கரில் உள்ள அளவை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். இறக்கியபோது எத்தனை கிராம் வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

முட்டத்திலிருந்து:

ஸ்டிக்கரில் 430 கிராம் என்று இருந்தது. மெஷினில் இறக்கியபோது 560 கிராம் வந்தது. 430 மட்டும் ஏற்றிக்கொண்டு, நேற்று அம்மாவுடன் போய் வந்தேன். களியக்காவிளையில் அரைமணி நேரம் நின்றோம். முள் நடுவிலேயே இருந்தது. அம்மா காற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். குளச்சல் அண்ணனுக்கும் தக்கலை ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி.