செட்டிநாட்டு வெயிலில் எக்ஸ்போஷர்: வானத்தை விடுங்கள், மண்ணைப் பாருங்கள்

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்ற பேச்சு வந்தால், லேண்ட்ஸ்கேப் எடுக்கும் நண்பர்கள் பெரும்பாலும் வானம் வெளுத்துப் போவதைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். செட்டிநாட்டில் என்னை அதைவிடப் படுத்துவது தரை.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், கானாடுகாத்தான் பக்கம் ஒரு கண்மாய்க் கரை. முதுகுக்குப் பின்னால் இறங்கும் சூரியன், எதிரே ஈரச் செம்மண் மேடு, அதற்குப் பின்னால் கிழக்கே கருகருவென்று மேகம். வானம் இருட்டு, மண்தான் பளபளப்பு. வானத்தை அடக்குவதற்கென்று வாங்கி வைத்திருக்கும், மேல்பாதி மட்டும் கறுத்த கிராஜுவேட்டட் என்டி ஃபில்டருக்கு இங்கே வேலையே இல்லை, பையிலேயே கிடக்கட்டும்.

ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்தேன். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம், வெளிச்சத்தின் எல்லையான வலது ஓரத்தைத் தொடவே இல்லை. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமுக்கு மாற்றினால் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒளிர்வைக் கூட்டும் வழக்கமான கணக்கில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்பதால், சிவப்பு நிரம்பி வழிந்தாலும் மொத்தக் கோடு சாதுவாகத்தான் காட்டும். ஆனால் சிவப்பு நிரம்பி அதன் விவரம் போய்விட்டால் மண்ணில் இருக்கும் வண்டித்தடம், தண்ணீர் அரித்த கோடு, சரளை எல்லாம் சேர்ந்து ஒரே ஆரஞ்சுப் பூச்சு. ஷட்டரை 1/60-இலிருந்து 1/125-க்குக் கொண்டுபோனேன், ஒரு ஸ்டாப் குறைந்ததும், அதாவது வெளிச்சம் பாதியானதும், தடம் திரும்பி வந்தது.

இன்னொன்று, அந்த ஹிஸ்டோகிராமை பெரும்பாலான கேமராக்கள் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைப் பார்த்து வரைவதில்லை, தானே தயாரிக்கும் ஜேபெக்கைப் பார்த்துத்தான் வரைகின்றன. வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ், நிழலுக்கான ஷேடில் இருந்தால் சிவப்பை இன்னும் தூக்கிக் காட்டிப் பயமுறுத்தும். டேலைட்டுக்கு மாற்றி, பிக்சர் ஸ்டைலையும் நியூட்ரலில் வைத்தால் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வரும்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அப்பத்தா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பா, வெறும் மண்ணையா இத்தன நேரம் பாத்துக்கிட்டு இருக்க?" என்றார். வெயில் பட்டு மண் ரொம்பச் சிவக்குது அப்பத்தா என்றேன். "அதுக்கு வெயில் எறங்குன பெறகு எடுக்க வேண்டியதுதானே!" சரிதான், சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் கான்ட்ராஸ்ட் நன்றாகக் குறைந்துவிடும், ஆனால் அந்தக் கருமேகத்துக்கு எதிரே எரிகிற மண் கிடைக்காதே.

ஊருக்குள் வந்தால் கதை வேறு. மாளிகைகளின் சுண்ணாம்புச் சுவரில் பத்து மணி வெயில் அடிக்கும்போது கேமராவின் ஒளி மீட்டரை நம்பினால் சுவர் சாம்பலாகும், ஏனென்றால் அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் சுவரை அளந்து 2 ஸ்டாப் கூட்டி வைத்துக்கொள்கிறேன்; வெள்ளையும் நிற்கும், பூச்சின் சொரசொரப்பும் தெரியும். திண்ணை இருட்டாக விழுந்தால் விழட்டும். திண்ணையின் உள்மூலை வரை வெளிச்சம் போட்ட, பல எக்ஸ்போஷர்களை ஒன்றாகச் சேர்த்த ஹெச்டிஆர் படங்களைப் பார்த்தால் எனக்குக் கல்யாண வீட்டு சீரியல் லைட் ஞாபகம்தான் வருகிறது. கேமராவின் இயல்பான ஒளியுணர்வான அடிப்படை ஐஎஸ்ஓவில் ரா எடுத்தால் நிழலை எவ்வளவோ தூக்கலாம், வெளுத்துப் போன வெள்ளையைத்தான் மீட்க முடியாது.

குன்றக்குடி மலையை வயல்பக்கமிருந்து எடுக்கும்போது மட்டும் வானம் நிஜமாகவே பிரச்சினை. ஃபில்டர் போட்டால் மலையும் மேலே கோவிலும் சேர்ந்து கறுத்துவிடும். அங்கே ஒரே காட்சியைப் பல எக்ஸ்போஷரில் எடுத்துப் பிறகு ஒட்டும் பிராக்கெட்டிங்தான், மைனஸ் 2, பூஜ்யம், பிளஸ் 2 ஸ்டாப். காற்றில் பனையோலை ஆடினால் ஒட்டும்போது ஓலைக்கு ஓலை இரட்டையாகத் தெரியும், அதனால் பனை இல்லாத பக்கமாகப் பார்த்து டிரைபாடை வைக்க வேண்டும். செட்டிநாட்டில் அப்படி ஓர் இடம் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வெளிச்சம் போய்விடும் என்பது வேறு விஷயம்.